சேம்பருக்குள் வைத்த பொட்டு

செல்வி, ராசு, சின்னவளே, மூன்று பேரும் கேளுங்கள். உங்கள் அப்பா சீமைக்குப் போய் வந்த கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். ரயில் இரண்டாகப் பிரிந்த கதை, உப்பில்லாத உருளைக்கிழங்கு கதை எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். போன மாதம் செல்வி பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதினாள். "வெள்ளைக்காரர்களே என் தந்தையின் கைவேலையைப் பாராட்டினார்கள்" என்று அதில் ஒரு வரி. வாத்தியார் பக்கத்தில் 'மிக நன்று' என்று சிவப்பு மையில் போட்டிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

நான் உங்களுக்குச் சொன்ன கதையில் ஒரு நாள் விடுபட்டிருக்கிறது. வேண்டுமென்றே விட்டது நான்தான். இப்போது அதையும் சேர்த்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் செல்வி திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறித் தேனிக்குப் போய் மூக்குக் கண்ணாடி லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைவீதிக்குப் பின்னால் பட்டறை. முதலாளி சர்ச்சுக்குப் போகிறவர், நல்ல மனிதர். அவர் மகன் சாமுவேல் தம்பி மதுரையில் படித்து, பிறகு இங்கிலாந்திலும் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தார். வரும்போது சட்டைப் பையில் ஒரு பளிங்குத் துண்டைக் கொண்டுவந்தார். பார்த்தால் கற்கண்டு மாதிரி இருந்தது.

"அண்ணே, இது என்னான்டு சொல்லுங்க பாப்பம்" என்றார்.

நான் கண்ணாடி என்றேன். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உத்தமபாளையம் காதர் பாய் படிகாரம் என்றார்.

"ரெண்டும் இல்ல. வாழைக்கு உரம் போடுறீகளே பொட்டாஷ், அந்த உப்புதான் இது. சுத்தம் பண்ணி உருக்கிப் பளிங்கா வளத்திருக்காக."

பிள்ளைகளே, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று இருக்கிறது. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தொடாமலே சுடுகிறதே, அந்த வகை. அதை ஒரே நேர்கோடாகத் திரட்டி அனுப்புகிற மெஷின் உண்டு, லேசர் என்று பெயர். அது இரும்புத் தகட்டை அறுக்கும். டாக்டர் கையில் கொடுத்தால் ரத்தம் அதிகம் வராமல் சதையையும் அறுக்கும். ஆனால் நம் ஜன்னல் கண்ணாடியை அதன் முன்னால் வைத்தால் அந்த வெளிச்சம் தாண்டாது, கண்ணாடிதான் சூடாகி வெடிக்கும். அதனால் உப்பிலும் வேறு சில பொருளிலும் அதற்கு ஜன்னலும் லென்ஸும் செய்கிறார்கள்.

உப்பைத் தேய்ப்பது லேசில்லை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. ஸ்பிரிட்டில் மாவு மாதிரிப் பொடியைக் குழைத்துப் பட்டுத் துணியில் வைத்துத் தேய்க்க வேண்டும். மூச்சுக் காற்றுப் பட்டாலே முகம் மங்கிவிடும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தேன். காதர் பாய் விடுவாரா? "என்னடா பாண்டி, சமணச் சாமியாராகிட்டியா? மயில் தோகை ஒண்ணு வாங்கித் தரவா?" என்பார். ஆனி ஆடியில் கம்பம் பக்கமிருந்து சாரல் காற்று அடிக்கிற இரண்டு மாதமும் அந்த வேலையைத் தொடவே முடியாது. மற்ற மாதங்களில் நூறு வாட் பல்பை எரியவிட்டு, பெட்டிக்குள் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு, ஒருவழியாகக் கை பழகிவிட்டது.

இங்கிலாந்தில் சாமுவேல் தம்பிக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலை. அந்தப் பளிங்குகளின் மேல் பூச்சுப் பூசுகிற இடம். நாங்கள் தேய்த்த வில்லைகள் பன்னிரண்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், மூன்று வாரம் இருந்து அவர்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிடித்துப்போனால் தேய்ப்பு வேலையை அவர்கள் தேனிக்கு அனுப்புவார்கள். பட்டறையில் அப்போது பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஏழு பேர். ஏழு பேர் பிழைப்பும் என் மடியில் இருந்த அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் இருந்தது.

விமானத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். இறங்கியதும் குளிர் பல்லைத்தான் முதலில் பிடித்தது. சுருளி அருவியில் மார்கழியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு நிற்கிற குளிர், நாள் முழுக்க.

அன்றைக்கே ரயில். சாமுவேல் தம்பி, "அண்ணே, முன்னாடி பெட்டியில டீ விக்கிறாகளாம், வாங்கிட்டு வாரேன்" என்று போனார். ஒலிபெருக்கியில் யாரோ என்னமோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ரயிலின் முன்பாதி கிளம்பிப் போய்விட்டது. என் பாதி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அதுவும் கிளம்பியது, வேறு பக்கமாக. அந்த ஊரில் ரயிலைப் பாதி வழியில் இரண்டாகப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்புவார்களாம். போடிக்குப் போகிற வண்டி போடிக்குத்தான் போகும் என்று இருந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

கடைசி ஸ்டேஷனில் இறங்கி நின்றேன். தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி போர்ட்டர் ஒருவர் வந்து இந்தியில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஒரே தேசத்துக்காரர்கள் இரண்டு பேரும் சீமையில் நின்று ஊமைகள் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டோம். கையில் இருந்த பெட்டியில் என்ன என்று அவர் எடுத்துக் குலுக்கப் போனார். "ஏலே, ஆட்டாத!" என்று கத்திவிட்டேன். அது மட்டும் அவருக்குப் புரிந்தது. பயந்துபோய்ப் பெட்டியைப் பிள்ளையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி ஹீட்டர் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சாமுவேல் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, உசுரே போயிருச்சு! தொலைஞ்சு போயிருந்தா ஊர்ல நான் என்னத்தச் சொல்றது?"

"என்னையச் சொல்றீகளா, பெட்டியச் சொல்றீகளா தம்பி?"

"ரெண்டையுந்தேன்" என்றார். சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தோம்.

தங்கிய வீட்டில் ராத்திரிச் சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி, அவித்த மீன். எதிலும் உப்பில்லை. உப்பைச் சுமந்துகொண்டு சீமைக்குப் போனவனுக்கு உப்பில்லாச் சாப்பாடு. உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியைத் தூவிச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் அதை மோந்து பார்த்துவிட்டு மூன்று தடவை தும்மினார்.

மறுநாள் தொழிற்சாலை. உள்ளே நுழையும்போதே வெள்ளைக் கோட்டு, தொப்பி, காலுக்கு உறை, கைக்கு உறை. பூச்சு அறையில் பொறுப்பாக இருந்தவர் டோரதி என்ற அம்மா. என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். பதினோரு வருஷமாக அந்த அறையில் வேலை. மானேஜர் ஹாரிஸ் என்பவர் உயரமாக, சாந்தமாக இருந்தார், ஆனால் எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்.

டோரதி என் வில்லைகளில் ஒன்றை இடுக்கியில் எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்னமோ கேட்டார். சாமுவேல் தம்பி மொழிபெயர்த்தார். "அந்தம்மா கேக்குறாக, இது மனுசன் தேச்சதா மெசினு தேச்சதான்டு." என் கையைக் காட்டினேன். அந்தம்மா என் கையுறையைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு ஏறிய கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அந்த அறையின் நடுவில்தான் சேம்பர். நம் ஊர்க் கல்யாணத்தில் சோறு வடிக்கிற அண்டா இருக்கிறதே, அதைப் போல இரண்டு மடங்கு, எவர்சில்வரில், கனத்த கதவோடு. லென்ஸுகளை மேலே ஒரு வட்டத் தட்டில் முகம் கீழே பார்க்கத் தொங்கவிடுவார்கள். அடியில் சின்னத் தகட்டுப் படகு. அதில் பூச்சுப் பொடி. கதவைச் சாத்தி உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் பம்பு உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு படகைச் சூடாக்கினால் பொடி ஆவியாக மேலே போய், லென்ஸ் மேல் பனி படிகிற மாதிரிப் படியும். ஒரு தலைமுடியின் கனத்தில் பல பங்கில் ஒரு பங்குதான் இருக்கும். டோரதி மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து சரியான நொடியில் மூடித் தட்டைத் தள்ளி ஆவியை நிறுத்துவார். ஒரு நொடி பிந்தினாலும் வேலை கெட்டது.

பூச்சு எதற்கு என்று கேட்டேன். ஜெர்மானியம் என்ற பொருளில் செய்த ஒரு வில்லையைக் காட்டினார். பார்த்தால் மெருகு போட்ட கருத்த இரும்பு. இதற்குள் எங்கே வெளிச்சம் போகும்? டோரதி அதற்குப் பின்னால் ஒரு சூட்டுக் கம்பியை வைத்ததும் இந்தப் பக்கம் மீட்டர் முள் எழுந்தது. ஆனால் பாதிக்கு மேல் வெளிச்சம் முகத்திலேயே மோதித் திரும்பிவிடுகிறதாம். பூச்சுப் பூசிய இன்னொரு வில்லையை வைத்தார். முள் விறுவிறு என்று ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அந்தம்மா சொல்றாக" என்றார் சாமுவேல் தம்பி, "விரல் ரேகை ஒண்ணு பட்டாப் போதுமாம், அங்கன பூச்சு ஒட்டாதாம். கண்ணுக்குத் தெரியாத பிசுக்குத்தேன் இந்த ரூமுக்கு எமனாம்."

இதைக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அந்த வாரம் முழுக்க டோரதி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பேச்சு இல்லை, கைதான். இப்படிப் பிடி, ஓரத்தில் பிடி, இப்படி ஊது, இப்படி ஊதாதே. நான் போடி ஏலக்காய் ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன், அதை அவருக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. நான் நடுங்கி நின்றதைப் பார்த்தவர் வெளியே போய், அந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஒரு கோப்பைத் தேநீரைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அந்த அறைக்குள் தீனியும் தண்ணீரும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். கதவைச் சாத்திக்கொண்டு, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கையால் சொன்னார். மூன்று மடக்கில் குடித்தேன். காலிக் கோப்பையோடு அவர் வெளியே போகும்போது ஹாரிஸ் பார்த்துவிட்டார். விரலை ஆட்டி எச்சரித்தார். டோரதி என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார்.

சனிக்கிழமை கடைவீதிக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் திராட்சைக் குலையைப் பஞ்சுமேல் படுக்கவைத்திருந்தார்கள். நம் சுருளிப்பட்டியில் லாரியில் கொட்டி மிதிபடுகிற பழம். ஒன்று வாயில் போட்டுப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் தம்பி சர்ச்சுக்குப் போனார். நான் வாசலில் நின்று வெறும் மரங்களை எண்ணினேன். சின்னமனூர் வயல்களைத் தாண்டி மேகமலை தெரிகிற பச்சையை நினைத்தபோது கண் கலங்கியது. இதுவரை நீங்கள் கேட்ட கதை.

இனிமேல் கேட்காதது.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, "நாளைக்குக் காலையில உங்க வில்லைக்குப் பூச்சு" என்று சாமுவேல் தம்பி வந்து சொன்னார். பூச்சு உரியாமல் ஒட்டி நின்றால் வேலை நமக்கு. நிற்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உங்களுக்கே தெரியும். புது மெஷின் வந்தாலும் சரி, பழைய மெஷினில் புது வேலை ஏற்றினாலும் சரி, சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைக்காமல் சுவிட்சைப் போட மாட்டோம். முதலாளிகூடத் தடுத்ததில்லை. "ஒங்க திருப்திக்கு வச்சுக்கங்கப்பா, பெல்ட்டுல படாம வைங்க" என்பார். இருபது வருஷமாகப் பொட்டு வைக்காத மெஷினில் நான் வேலை செய்ததில்லை. ஏழு குடும்பத்துப் பிழைப்பை உள்ளே வைத்துப் பூட்டப் போகிற சேம்பர் மொட்டை நெற்றியோடு நின்றது. எனக்கு மனசு அடங்கவில்லை.

உங்கள் அம்மா மடித்துக் கொடுத்த வீரபாண்டிக் கோயில் குங்குமமும், ஒரு சந்தன வில்லையும் என் சட்டைப் பையில் இருந்தன. மதியம் டோரதி சாப்பிடப் போயிருந்தார். கையுறையைக் கழற்றினேன். அறைக்கு வெளியே போய்க் குழாய்த் தண்ணீரில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தேன். சேம்பர் கதவின் வெளிப்பக்கம் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், துடைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே, மூடித் தட்டுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கும்பிட்டுக்கொண்டேன். மனசு லேசானது. விரல் ரேகை பட்டாலே கெடும் என்று ஒரு வாரமாகக் கேட்டவன்தான் இதைச் செய்தேன். அது லென்ஸைத் தொடக் கூடாது என்பதற்காக மட்டும் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். சுவருக்கு என்ன என்று நினைத்தேன். சாமி மேல் தப்பில்லை, பிள்ளைகளே. வைத்த இடம் தப்பு.

நான் நினைக்காத ஒன்று நடந்தது. அன்று மாலையே அவசரம் என்று வேறு லென்ஸுகளைச் சேம்பரில் ஏற்றிவிட்டார்கள். ஜிங்க் செலினைடு என்ற பொருளில் செய்தவை, எலுமிச்சை நிறத்தில் இருக்கும். ஓர் ஆஸ்பத்திரிக்கு, ஆபரேஷன் செய்கிற லேசருக்கு. ஒன்பது லென்ஸ். நான் அப்போது வேறு அறையில் இருந்தேன்.

புதன்கிழமை காலை சேம்பரைத் திறந்தபோது நானும் நின்றேன். டோரதி தட்டை இறக்கி ஒரு லென்ஸைத் தூக்கினார். பூச்சு, பால் ஆடை மாதிரிச் சுருங்கி, ஓரத்தில் செதில் செதிலாக உரிந்து நின்றது. ஒன்பதும் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவரில் சுண்ணாம்பு நிற்குமா? காற்றில்லாத சூட்டில் என் சந்தனத்தின் எண்ணெய் ஆவியாகி எல்லா லென்ஸிலும் முதலில் படிந்துவிட்டது. டோரதியே டார்ச்சை எடுத்து உள்ளே தேடினார். மூடித் தட்டுக்குப் பின்னால் கருகிய பழுப்புக் கறை ஒன்று இருந்தது. ஒளிக்காமல் அவரே ஹாரிஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஹாரிஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு வார்த்தைதான் சொன்னார். "டீ."

பிறகு டோரதியிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற சாமுவேல் தம்பி பிறகு எனக்குச் சொன்னது இது. "இந்த ரூமுக்குள்ள டீ கொண்டாந்தியா?" என்று ஹாரிஸ் கேட்டார். "கொண்டுவந்தேன். போன வாரம் ஒரு நாள்" என்றார் டோரதி. யாருக்காக என்று ஹாரிஸ் கேட்கவில்லை. டோரதியும் சொல்லவில்லை.

சாமுவேல் தம்பி அந்தக் கறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டறையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாதா?

"அண்ணே" என்றார், முகத்தை மாற்றாமல், தமிழில். "நீங்களா?"

"ஆமா தம்பி."

"எப்ப வச்சீக?"

"நேத்து மத்தியானம். நம்ம வில்லைக்குன்டு நெனச்சு…"

"வாயத் தொறக்காதீக. அங்கன ஏழு குடும்பம் இருக்கு."

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று ஹாரிஸ் கேட்டார். சாமுவேல் தம்பி இங்கிலீஷில் பதில் சொன்னார். ஹாரிஸ் என் தோளைத் தட்டினார். என்ன சொன்னீர்கள் என்று அப்புறம் கேட்டேன். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகிறாதுல்லன்டு நீங்க வெசனப்படுறதா சொன்னேன்" என்றார். நல்ல மனுஷன் என்று அதற்குத்தான் தட்டியிருக்கிறார்.

தம்பி மேல் பழியைப் போடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று மூன்று வருஷமாக என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அது சாக்கு. 'மீ' என்று சொல்லி நெஞ்சில் கையை வைத்திருந்தால் போதும். அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும்.

மத்தியானத்துக்குள் டோரதியைப் பூச்சு அறையிலிருந்து மாற்றிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எதிர்க் கட்டிடத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. என் வில்லைகளுக்கு மறுநாள் வேறொருவர் வேறொரு சேம்பரில் பூச்சுப் பூசினார். பன்னிரண்டும் தேறின. ஹாரிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லோர் முன்னாலும், "எங்கள் ஆட்களுக்கும் இவ்வளவு சுத்தமான கை இருந்தால் நன்றாக இருக்கும்" என்றார். செல்வி, நீ கட்டுரையில் எழுதிய பாராட்டு அதுதான்.

கடைசி வாரம் ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு டோரதி வந்து என் எதிரே உட்கார்ந்தார். நீலக் கோட்டு. கை விரலெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. என்னிடம் கோபம் இருக்கும் என்று நினைத்துத் தலையைத் தூக்காமல் இருந்தேன். அவருக்கு என்ன தெரியும், கோபப்பட? அவர் பாட்டுக்கு ஏதோ சொன்னார். சாமுவேல் தம்பி அரைகுறையாகச் சொன்னார். "அங்கன ஹீட்டர் நல்லா எரியுதாம். குளிரே இல்லையாம். உங்க உப்பு தேறுனதக் கேட்டு அந்தம்மாவுக்கு ரொம்பச் சந்தோசமாம்."

பிறகு அவர் கேட்டதை மொழிபெயர்க்கச் சாமுவேல் தம்பி தயங்கினார். நான் வற்புறுத்தினேன்.

"பதினோரு வருசத்துல தான் ஒரு தடவையும் உள்ள சிந்தினதில்லையாம். எப்படித் தெறிச்சிருக்கும்ன்டு தெனமும் யோசிக்கிறாகளாம். அன்னைக்கு நீங்கதேன் கூட இருந்தீக, எங்கயாச்சும் சிந்துனதப் பாத்தீகளான்டு கேக்குறாக."

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவருக்கு ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தே ஆட்டினேன். தன் கைமேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்ட ஒரு தொழிலாளியை அங்கேயே விட்டுவிட்டு, உருளைக்கிழங்கை முழுங்கி எழுந்து வந்தேன்.

ஊருக்கு வந்தோம். தேனி பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். வேலை வந்தது. மூன்று வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் சாப்பிடுகிற சோறும் உடுத்துகிற துணியும் அந்த வேலையில் வந்ததுதான்.

செல்வியின் கட்டுரையைப் படித்த மறுநாள் சாமுவேல் தம்பியிடம் போனேன். ஹாரிஸுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன்.

"முடிஞ்சு போனத ஏண்ணே கிண்டுறீக?" என்றார். "தெரிஞ்சா வேலைய நிப்பாட்டிப்புடுவாக. அந்தம்மா இந்நேரம் ரிட்டயரே ஆகியிருக்கும்."

"என் வயசுதேன் தம்பி அந்தம்மாவுக்கு" என்றேன். அவர் எழுதித் தரவில்லை.

மற்ற ஆறு பேரிடமும் நானே சொன்னேன். அவர்கள் பிழைப்பும் இதில் இருக்கிறது, சொல்லாமல் செய்தால் அது இன்னொரு திருட்டு. நாலு பேர் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். ஒருவர், "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எங்க அடுப்புல ஏன் தண்ணிய ஊத்துற?" என்று திட்டினார். காதர் பாய் கையில் இருந்த வில்லையைக் கீழே வைத்தார்.

"மூணு வருசமா இத வயித்துல வச்சுக்கிட்டாடா என் பக்கத்துல உக்காந்து தேச்ச?" என்றார். பிறகு வில்லையைக் கையில் எடுத்து, "எழுது. வேலை போனா பழைய லென்சு கெடக்கு. எழுதித் தொலை" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அன்று முழுக்க என்னைக் கேலி செய்யவில்லை.

செல்வி, உன் டிக்ஷனரி இரண்டு நாளாகக் காணோம் என்று தேடினாயே, அதை எடுத்தது நான்தான். வெளிநாட்டுக்குப் போகிற ஏரோகிராம் தாள் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினேன். அந்தக் கறை தேநீர் இல்லை. நான் வைத்த சந்தனமும் குங்குமமும். டோரதி அம்மா மேல் தப்பில்லை. நான் அருகில் நின்றேன், சொல்லவில்லை. இவ்வளவுதான் எழுதத் தெரிந்தது. அடியில், இதை டோரதி அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். சாமுவேல் தம்பி பெயரை எழுதவில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்ல வேண்டும். அனுப்புநர் என்ற இடத்தில் பழக்கத்தில் பட்டறை விலாசத்தை எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு என் பெயரையும் நம் வீட்டு விலாசத்தையும் எழுதினேன்.

இன்று காலை வழக்கமான பஸ்ஸில் ஏறினேன். தேனி வரைக்கும் போகவில்லை. உத்தமபாளையத்தில் இறங்கினேன். தபால் ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை, வாசலில் யாரும் இல்லை. பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. இடையில் சிக்கிக்கொண்டதோ என்று விரலை உள்ளே விட்டு, மணிக்கட்டு மாட்டுகிற வரைக்கும் துழாவிப் பார்த்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.